போர்டு வரைந்தவர் படம் இயக்கப் போனால்

பல வருடம் அனிமேஷன் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தேன். அப்புறம் ஒரு முழுநீளப் படத்தை இயக்கினேன். இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்பது, போர்டு வரைகிறவர் இயக்குநராக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. திரைக்கதையிலிருந்து மூன்று நிமிடம் ஓடக்கூடிய ஒரு சீக்வென்ஸை, அதாவது தொடர்ந்து வரும் காட்சிப் பகுதியை, நம் கையில் கொடுப்பார்கள். சில சமயம் திரைக்கதையே இருக்காது. "இவங்க ரெண்டு பேரும் இங்க சண்டை போட்டுப் பிரியணும்" என்று ஒரு வரி மட்டும் வரும். யார் எங்கே நிற்கிறார், கேமரா எங்கே இருக்கிறது, எந்த நொடியில் முகம் மாறுகிறது என்று அதைப் படம் படமாக வரைய வேண்டும். இப்படி வரையும் ஒவ்வொரு படமும் ஒரு பேனல். ஒரு சீக்வென்ஸுக்கு 200 பேனல் போவது சாதாரணம். வரைந்து முடித்ததும் இயக்குநர், எடிட்டர், மற்ற ஸ்டோரி ஆர்ட்டிஸ்டுகள் எல்லோர் முன்னாலும் நின்று, எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் நாமே குரல் கொடுத்து நடித்துக் காட்ட வேண்டும். அதுதான் பிட்ச். பிறகு எடிட்டர் அந்தப் பேனல்களை அடுக்கி, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து ஓடவிடுவார். அதற்கு ஸ்டோரி ரீல் என்று பெயர். முழுப் படத்தையும் இப்படி ரீலாகவே பார்த்து, பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டு, மறுபடி வரைவோம். இது பல சுற்று நடக்கும். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் வெப் ஸ்மித் என்ற கதைக் கலைஞர் தன் படங்களை வரிசையாகச் சுவரில் குத்தி வைத்ததில் இந்த முறை தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று குண்டூசியின் இடத்தில் ஸ்டோரிபோர்டு ப்ரோ போன்ற மென்பொருள் இருக்கிறது. அடிப்படை மாறவில்லை.

இயக்குநர்கள் பலர் இந்த அறையிலிருந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. நிஜ நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் எடுத்து முடித்த பிறகு எடிட்டிங். அனிமேஷனில் எடிட்டிங் முன்னாலேயே நடந்துவிடுகிறது. முழுநீளப் படத்தில் ஒரு அனிமேட்டர் வாரம் முழுக்க உழைத்தால் திரையில் சில வினாடிகள்தான் கிடைக்கும். அதை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வெட்டுவது எந்தத் தயாரிப்பாளருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே படம் சரியாக இல்லை என்பதைப் பென்சில் கோடாக இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் படத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தவர்கள் ஸ்டோரி ஆர்ட்டிஸ்டுகள்தான்.

ஜெனிஃபர் யூ நெல்சன் 2008-ல் வந்த குங் ஃபூ பாண்டாவுக்குக் கதைக் குழுவின் தலைவராக இருந்தார். 2011-ல் அதன் இரண்டாம் பாகத்தை இயக்கினார். முலான் படத்தின் கதைக் குழுவில் இருந்த கிறிஸ் சாண்டர்ஸும் டீன் டெப்லாயும் 2002-ல் லிலோ அண்ட் ஸ்டிட்ச் படத்தைச் சேர்ந்து இயக்கினார்கள். டோமி ஷி 2011-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் கதைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். அவருடைய குறும்படம் பாவ் 2018-ல் வந்து அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. 2022-ல் டர்னிங் ரெட் என்ற முழுநீளப் படம். வழி இருக்கிறது என்பதற்கு இவ்வளவு போதும்.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் பதவி உயர்வு மாதிரி தெரியும் இந்த மாற்றம், உள்ளே போனால் கிட்டத்தட்ட எதிர்த்திசை வேலை. ஸ்டோரி ஆர்ட்டிஸ்டுக்குக் கொடுக்கும் பயிற்சி முழுக்க, "இன்னொரு விதமா செய்யலாமே" என்று சொல்வதற்கான பயிற்சி. காட்சி வேலை செய்யவில்லையா, சரி, நாளைக்குள் மூன்று மாற்று. அதில் இரண்டு பிடிக்கவில்லையா, மறுபடி இரண்டு. நம் படங்கள் குப்பைக்குப் போவதை மனம் நோகாமல் பார்க்கப் பழகிவிடுகிறோம். அது பெரிய பலம். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே பழக்கம் நம்மைப் படுத்தி எடுக்கும். காரணம், இப்போது எல்லோரும் நம்மிடம் எதிர்பார்ப்பது முடிவு. இந்தக் காட்சி இப்படித்தான், இனி மாறாது என்று யாராவது சொன்னால்தான் லே-அவுட் (கேமராவையும் பாத்திரங்களையும் இடத்தில் பொருத்தும் வேலை) தொடங்கும், அனிமேட்டர் உட்காருவார், லைட்டிங் நடக்கும். இன்னும் நல்ல யோசனை ஒன்று மண்டையில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருப்பதைப் போதும் என்று சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்த மாற்றத்தில் மிகக் கடினமான பகுதி. வேறெந்தத் திறமையும் இதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

எதை வைத்துப் போதும் என்று முடிவு செய்வது? இதற்கு ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் படத்தில் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு சீக்வென்ஸ் உண்டு. தங்கை பின்னாலேயே வந்து கத்துகிறாள். திரைக்கதையில் அக்கா வாசலில் நின்று திரும்பி, ஏன் போகிறேன் என்று ஏழெட்டு வரி பேசுவாள். அப்படியே போர்டு செய்தோம். தற்காலிகக் குரல் கொடுத்தவர் நன்றாகவே பேசினார். ரீல் ஓடி முடிந்ததும் அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, காட்சி மட்டும் ஒட்டவில்லை.

எடிட்டர் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். அக்காவின் கை கதவுக் குமிழின் மேல் இருக்கும் ஒரு பேனல், நடுவில் வந்து போகும். வினாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் அது 12 ஃப்ரேம், அதாவது அரை வினாடிதான் இருந்தது. அதை அவர் 36 ஆக்கியிருந்தார். ஒன்றரை வினாடி. வசனத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். தங்கையின் கத்தல் பாதியில் நிற்கிறது, கை குமிழில் அப்படியே இருக்கிறது, அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். சத்தம் வந்த பிறகுதான் அடுத்த ஷாட்டுக்கு வெட்டு. முன்பு அவள் போவதற்கான காரணங்களைக் கேட்டோம். இப்போது அவளுக்குப் போக மனமில்லை என்று பார்த்தோம். வரைந்ததில் ஒரு கோடுகூட மாறவில்லை.

எடிட்டிங் அறையில் உட்காருங்கள் என்று இளைஞர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். போர்டு வரைகிறவர்களில் பலர் பேனல்களை ஒப்படைத்ததும் அடுத்த சீக்வென்ஸுக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். நீங்கள் வரைந்தது எடிட்டரிடம் போய் என்ன ஆகிறது, எதை அவர் தூக்குகிறார், எதைப் பிடித்து நிறுத்துகிறார் என்று பாருங்கள். நேரம் என்பது என்ன என்று வரைபலகையில் தெரியாது. இயக்குநரான பிறகு நீங்கள் அதிக நேரம் கழிக்கப்போவதும் அந்த அறையில்தான்.

அந்த வாரமே என் நோட்டுப் புத்தகத்தில் அந்த சீக்வென்ஸின் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதினேன்: "இவள் போகமாட்டாள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்." இது நான் எல்லாக் காட்சிக்கும் செய்வது. ஒரு காட்சி முதன்முதலாக வேலை செய்த அன்று எனக்கு என்ன தோன்றியதோ அதை ஒரே வரியில், அன்றைக்கே எழுதிவிடுவேன். முழுநீள அனிமேஷன் படம் முடிய மூன்று, நான்கு வருடம் ஆகும். ஒரே நகைச்சுவையை நூறு தடவை பார்த்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? வராது. உடனே, "இது இப்ப வேலை செய்யலையே" என்று ஒரு குரல் கேட்கும். உண்மையில் நகைச்சுவை கெட்டிருக்காது, நாம் சலித்திருப்போம். அக்கா கதவடியில் நிற்கும் ஷாட்டுக்கும் அது நடந்தது. லைட்டிங் கட்டத்தில் ஒருவர், அது இழுக்கிறது, பாதியாகக் குறைக்கலாம் என்றார். எனக்குமே அப்போது அப்படித்தான் பட்டது. நோட்டைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, 36 ஃப்ரேமும் இருக்கட்டும் என்றேன். படத்தைப் பிறகு திரையரங்கில் பார்க்கப் போகிறவருக்கு அது முதல் தடவை. அவர் சார்பில் அந்த முதல் தடவையை ஞாபகம் வைத்திருக்க அந்தக் கட்டடத்தில் ஒருவர் வேண்டும். அது இயக்குநர்.

அடுத்து, கருத்துகளைக் கேட்பது. நோட்ஸ் என்று சொல்வோம். பிட்ச் அறையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு முன்பலம் உண்டு, திட்டு வாங்கி மரத்துப் போயிருப்போம். ஆனால் இயக்குநருக்கு வரும் நோட்ஸ் பத்துத் திசையிலிருந்து வரும், ஒன்றோடொன்று முட்டும். எனக்கு உதவியது ஒரு எளிய பழக்கம்: சொல்பவருக்கு எங்கே வலிக்கிறது என்பதை நம்பு, அவர் சொல்லும் மருந்தை உடனே நம்பாதே. தங்கையின் தேடலை ஒரு நாய் கெடுக்கும் காட்சி இருந்தது. "நாயைப் பார்த்தா சிரிப்பே வரலை, வேற நாய் போடுங்க" என்றார்கள் ஒரு முறை. நாயைப் போட்டு உருட்டியிருந்தால் மாதங்கள் போயிருக்கும். இரண்டு காட்சி முன்னால், தங்கைக்கு என்ன வேண்டும் என்பதே பார்ப்பவருக்குப் புரியாமல் இருந்தது. அவள் என்ன தேடுகிறாள் என்று தெரியாதபோது, அதை நாய் கெடுத்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்? அங்கே ஒரு ஷாட் சேர்த்தோம். நாயைத் தொடவே இல்லை. அடுத்த ஸ்கிரீனிங்கில் அதே நாய்க்குச் சிரித்தார்கள்.

முழுப் படமும் ஆட்டம் காணும் நாளும் வரும். பிக்ஸாரின் டாய் ஸ்டோரி படத்துக்கு நடந்தது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1993 நவம்பர் 19 அன்று டிஸ்னி நிர்வாகிகளுக்கு ரீலைப் போட்டுக் காட்டினார்கள். உட்டி என்ற முக்கியப் பாத்திரம் யாருக்கும் பிடிக்காத அளவுக்குக் கொடூரமாக இருந்தது. தயாரிப்பு நின்றுபோனது. ஸ்டோரி ஆட்கள் உட்கார்ந்து கதையைத் திரும்ப எழுதி, வரைந்து, அதன் பிறகுதான் வேலை தொடர்ந்தது. இப்படிப்பட்ட நாளில் அறையில் இருப்பவர்கள் இயக்குநரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெரிய உரை எதுவும் தேவையில்லை. மறுநாள் காலை யார் எந்த சீக்வென்ஸை எடுத்துக்கொள்வது என்று தெளிவாகச் சொன்னால் போதும். ஆளுக்கு ஒரு வேலை கையில் வந்ததும் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி கை விஷயம். வரைகிறவர்களுக்கு எல்லாவற்றையும் வரைந்து விளக்கவே கை பரபரக்கும். அனிமேட்டர்களிடம் அதை முடிந்தவரை அடக்க வேண்டும். நான் ஒரு பாவனையை வரைந்து கொடுத்தால் அவர் அதை அச்சாகக் கொண்டுவருவார், ஏனென்றால் வரைந்தவர் இயக்குநர். அவருக்கே தோன்றியிருக்கக்கூடிய, என்னுடையதைவிட நல்ல ஒன்று அங்கே பிறக்காமலே போய்விடும். அந்தக் கதவு ஷாட்டை எடுத்துக்கொண்ட அனிமேட்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கை குமிழைப் பிடிக்கப் போகுதா, விடப் போகுதா?" நான் சொன்னேன்: "பிடிச்சாச்சு. திருப்பத்தான் மனசு இல்ல." அவர் போய் விரல்களில் மூன்று மட்டும் குமிழைத் தொட்டபடி, கட்டைவிரல் காற்றில் நிற்பதாகச் செய்துகொண்டு வந்தார். நான் வரைந்திருந்த பேனலில் ஐந்து விரலும் இறுக்கிப் பிடித்திருந்தன. அவருடையதுதான் படத்தில் இருக்கிறது.

அதற்காக வரைவதை விட்டுவிடச் சொல்லவில்லை. கேமரா கோணம், இடத்தில் யார் எங்கே என்பது போன்றவற்றைப் பத்து நிமிடம் பேசுவதைவிட தம்ப்நெயில் என்று சொல்லும் சின்னக் கிறுக்கல் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுவது மேல். நடிப்பு என்று வந்தால் மட்டும், பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறது என்று வாயால் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும், போர்டு அறையில் இதை யாரும் கற்றுத்தருவதில்லை. மழையில் நனைந்தபடி ஓடும் கூட்டத்தை ஒரு பேனலில் இரண்டு நிமிடத்தில் கிறுக்கிவிடலாம். அதையே கணினியில் கொண்டுவர ஈரத் துணி, ஈர முடி, தெறிக்கும் தண்ணீர், நூற்றுக்கணக்கான உருவங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை மாதக்கணக்கில் உட்கார வேண்டும். போர்டு வரையும்போதே எஃபெக்ட்ஸ் ஆட்களோடும் லே-அவுட் ஆட்களோடும் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள். எது அவர்களுக்குக் கஷ்டம், எது சுலபம் என்று தெரிந்த ஸ்டோரி ஆர்ட்டிஸ்டை எல்லாத் தயாரிப்பாளர்களும் கவனிப்பார்கள். இயக்க வாய்ப்பு வரும்போது அவர்களுடைய வார்த்தைக்கு எடை உண்டு.

ரீலில் போடும் தற்காலிக இசை பற்றி ஒரு எச்சரிக்கை. பிரபலமான ஒரு சோக இசையைப் போட்டால் எந்தக் காட்சியும் அழவைக்கும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரமாதம் என்பார்கள். அந்த ரீலை ஒரு முறையாவது இசை இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்கிறது என்றால்தான் காட்சி நிற்கிறது. தற்காலிகக் குரலுக்கு இதற்கு நேர்மாறான அதிர்ஷ்டமும் உண்டு. எ பக்ஸ் லைஃப் படத்தில் ஹைம்லிக் என்ற புழுவுக்குக் கதைக் கலைஞர் ஜோ ரேன்ஃப்ட் தற்காலிகமாகக் கொடுத்த குரலே கடைசியில் படத்திலும் இருந்துவிட்டது. பிட்ச் அறையில் அடிக்கடி குரல் கொடுங்கள் என்று நான் சொல்வது அந்த அதிர்ஷ்டத்துக்காக இல்லை. வசனத்தை வாயால் சொல்லிப் பார்த்தவருக்கு அது எங்கே இடறுகிறது என்று தெரியும். பின்னால் நடிகர்கள் குரல்பதிவுக்கு வந்து உட்காரும்போது அவர்களிடம் பேச ஒரு மொழி கிடைக்கும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு யாரையும் கூப்பிட மாட்டேன். பெரிய ஸ்டுடியோவில் படம் இயக்குநருக்குச் சொந்தமில்லை. பிரெண்டா சாப்மன், லயன் கிங் படத்துக்குக் கதைக் குழுத் தலைவராக இருந்தவர். பிறகு தன் மகளோடான உறவிலிருந்து பிரேவ் படத்தின் கதையை உருவாக்கி இயக்கத் தொடங்கினார். 2010-ல் அவரை மாற்றி மார்க் ஆண்ட்ரூஸை வைத்தார்கள். 2012-ல் வந்த அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது இருவரும் சேர்ந்தே வாங்கினார்கள். அவ்வளவு அனுபவமுள்ளவருக்கே அது நடந்தது. நான் உயிரைக் கொடுத்து வளர்த்த ஒரு கதையை நான் வேலை பார்த்த ஒரு ஸ்டுடியோ ரீல் கட்டத்தோடு நிறுத்தியது. அந்தப் பேனல்கள் அவர்களுடைய சர்வரில் இருக்கின்றன. ஒப்பந்தப்படி என்னால் ஒன்றைக்கூட யாருக்கும் காட்ட முடியாது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தை வக்கீல் ஒருவரை வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இயக்குநரை மாற்றினால் திரையில் பெயர் எப்படி வரும், நிறுத்தப்பட்ட கதையைத் திரும்பக் கேட்க வழி உண்டா, வேலைக்குச் சேரும் முன்பே உங்களிடம் இருந்த கதைகள் யாருடையவை என்ற மூன்றையும் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

வாய்ப்பு எப்படி வரும் என்பதற்கு நேரடிப் பதில்: முதலில் உங்கள் இயக்குநரின் பிரச்சினையைத் தீர்ப்பவர் என்ற பெயர் எடுக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத, மூன்று பேர் கைவிட்ட சீக்வென்ஸைக் கேட்டு வாங்குங்கள். கூடவே சொந்தமாக ஒரு குறும்படம் ஓடிக்கொண்டிருக்கட்டும். டோமி ஷியும் பாவ் கதையை மற்ற வேலைகளுக்கு இடையில்தான் வளர்த்தார். பெரிய ஸ்டுடியோ இல்லாமலும் முடியும். கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 2024-ல் வந்த ஃப்ளோ படத்தைப் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஒரு சின்னக் குழுவோடு செய்து ஆஸ்கர் வாங்கினார். அவர் ஸ்டோரிபோர்டே போடவில்லை, முப்பரிமாண இடத்துக்குள் கேமராவை வைத்துக்கொண்டு காட்சியைத் தேடினார். போர்டு வரைந்தே சோறு தின்ற எனக்கு அது முதலில் அதிர்ச்சிதான். ஆனால் ரீலைப் பார்ப்பதும், தூக்கிப் போடுவதும், எது போதும் என்று முடிவு செய்வதும் அந்த வழியிலும் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது அடுத்த படத்துக்குக் கதைக் குழு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், தினமும் போர்ட்ஃபோலியோக்கள் பார்க்கிறேன். அழகாக வர்ணம் தீட்டிய படங்களை வேகமாகத் தள்ளிவிடுகிறேன். எனக்கு வேண்டியது, தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக வரைந்த இரண்டு மூன்று சீக்வென்ஸ். அதில் ஒன்றாவது வசனமே இல்லாமல் புரிய வேண்டும். ஒன்றில் இரண்டு பேர் ஓர் அறைக்குள் சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும். சண்டைக் காட்சியை எல்லோரும் விறுவிறுப்பாக வரைகிறார்கள், இதில்தான் ஆள் தெரியும். ஒரே சீக்வென்ஸின் முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது. முடிந்தால் ஒன்றைப் பிட்ச் செய்து பதிவு செய்து அனுப்புங்கள். குரல் நடுங்கினால் பரவாயில்லை, காட்சி புரிகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.